ஐம்பது மணி நேரக் கணக்கு

மூடி ஒன்பது ஆண்டுகளான வாடகைச் சைக்கிள் கடையின் ஷட்டரை, 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகனுக்காக அந்தத் தந்தை மீண்டும் உயர்த்தினார். நாகர்கோவிலில், வடசேரிச் சந்தைக்கு அருகே உள்ள கடை. மகன் திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டம் வளாகத்தில் தொழிற்சொற்களை ஆராய்பவன். முதல் நாள் மாலை இரயிலில் அவன் கொண்டுவந்தது, துண்டில் சுற்றிய ஒரு மலைமிதிவண்டியின் முன் போர்க். தரையில் ஊன்றி அழுத்தினால் அது இறங்கியது. ஆனால் முதல் அரை அங்குலம் தயங்கித் தயங்கியே இறங்கியது. உட்குழல்களைச் சுற்றிக் கரிய எண்ணெய் வளையம் ஒன்று படிந்திருந்தது. கோளாறு என்று அவன் அறிந்தவை இவ்விரண்டு மட்டுமே.

இந்தப் பொருளுக்குத் தமிழில் பெயர் வைக்க அவன் ஒருகாலத்தில் முயன்றதுண்டு. ‘அதிர்வேற்கும் கவை’ என்று குறிப்பேட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, எந்தக் கடைக்காரரிடமும் அச்சொல்லைச் சொல்லத் துணியாமல் அடித்துவிட்டான். போர்க் என்பதே கடைத்தெருவின் சொல். அதுவே இங்கும் நிற்கட்டும்.

அந்த ஆசை தொடங்கிய இடம் பொன்முடி. 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலைமிதிவண்டிச் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாறு கடந்தபின் 22 கொண்டையூசி வளைவுகள். தேயிலைச் சரிவில் பாறைகள் துருத்தி நின்ற இறக்கம் ஒன்றின் ஓரத்தில் அவன் அரைநாள் நின்றான். வீரர்களின் முன்சக்கரம் தையல் இயந்திரத்தின் ஊசிபோல் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருக்க, தோள்கள் மட்டும் அலுங்காமல் சென்றன. சக்கரத்துக்கும் தோளுக்கும் இடையில் இருந்தது ஒரு கை நீளமுள்ள இரண்டு குழல்கள். சைக்கிள் கடையில் வளர்ந்தவனுக்கு அது புதிராக இருந்தது. அவன் அறிந்த போர்க்குகள் வளையும் அல்லது உடையும், அமுங்கா.

மறு ஜனவரியில் கழக்கூட்டத்தில் ஒருவரிடமிருந்து பழைய மலைமிதிவண்டி ஒன்றை வாங்கினான். 100 மில்லிமீட்டர் அமுங்கும் காற்றுப் போர்க். கம்பிச் சுருள் வைத்த மலிவான வகையல்ல அது. அந்த வகையில் மேலே ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் சுருள் கடினமாகிவிடும் என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் மாறுவது அமுங்கத் தொடங்கும் புள்ளிதான். சுருளின் கடினம் அப்படியே இருக்கும். காற்றுப் போர்க்கில் காற்றே சுருள். இடக்காலுக்குள் அடைத்த காற்று எடையைத் தாங்கும். வலக்காலுக்குள் துளைகள் வழியே பிழியப்படும் எண்ணெய் வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

முதல் மாதம் முழுதும் அவன் காற்றோடு போராடினான். அந்த அறையின் கொள்ளளவு சிறியது. டயருக்கு அடிக்கும் பம்பு இதற்கு ஆகாது. நுண்ணிய அளவுமானி கொண்ட தனி ஷாக் பம்பு வேண்டும். அதை வாங்கியபின் வேறொரு குழப்பம் வந்தது. இரவு 80 பிஎஸ்ஐ அடித்துக் கழற்றினால் காலையில் 72 காட்டியது. கசிகிறது என்று முடிவுசெய்து தினமும் அடித்துக்கொண்டே இருந்தான். பம்பை மீண்டும் பொருத்தும்போதெல்லாம் அதன் வெற்றுக்குழாயை நிரப்பப் போர்க்கிலிருந்தே காற்று வெளியேறுகிறது, குறைவாகக் காட்டுவது அதனால்தான் என்பது புரியும்வரை, கசியாத போர்க்குக்குக் காற்றடித்துக் கல்லாக்கிக்கொண்டிருந்தான்.

சரியான அழுத்தத்தை மானி சொல்வதில்லை, அமிழ்வு சொல்கிறது. ஓட்டுபவர் வழக்கமான உடையோடும் பையோடும் ஏறி நிற்கும்போது போர்க் தன் எடைக்கே எவ்வளவு அமிழ்கிறது என்பதே கணக்கு. உட்குழலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளி வைத்து, மெல்ல ஏறி நின்று, மெல்ல இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளக்க வேண்டும். குறுக்குநாட்டு ஓட்டத்துக்கு 15 முதல் 20 விழுக்காடு போதும். கரடான பாதைக்கு அதற்குச் சற்று மேல். அவனுக்கு 80-இல் 12 மில்லிமீட்டர்தான் கிடைத்தது. 70-க்கு இறக்கியபோது 18 வந்தது. ஏன் அமிழ வேண்டும்? மேட்டில் ஏறும்போது அமுங்குவது பாதி வேலைதான். குழி வரும்போது சக்கரம் கீழே நீண்டு மண்ணைத் தொடவும் வேண்டும். அமிழாத போர்க் குழியின்மேல் அந்தரத்தில் தாவும்; பிரேக் பிடித்தாலும் பிடிமானம் இராது.

அடுத்தது மீள்வேகம். வலக்காலின் அடியில் உள்ள சிவப்புத் திருகைத் தளர்த்திவிட்டால் போர்க் கழுதைபோல் உதைக்கும். இறுக்கிவிட்டால் ஒரு குழியிலிருந்து மீள்வதற்குள் அடுத்த குழி வந்து, ஒவ்வோர் அடியிலும் தாழ்ந்து தாழ்ந்து இறுதியில் மரக்கட்டையாகும். முழுக்க இறுக்கிப் பின் ஒவ்வொரு ‘கிளிக்’காக எண்ணித் தளர்த்தி, அந்த எண்ணை எழுதி வைத்தான். அழுத்தம் கூடினால் மீள்வேகத்தையும் கட்ட வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொடத்தான் வேண்டும்.

கடல்மட்டத்தில் அடித்த காற்று 1,100 மீட்டர் உயரத்தில் என்னாகும் என்றும் அவன் கணக்கிட்டுப் பார்த்தான். மேலே வளிமண்டல அழுத்தம் குறைவதால் போர்க் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ கடினமாக உணரப்படும். மேலே ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி என்று கொண்டால் ஏறத்தாழ அதே அளவு தளரும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒரு மாலை முழுவதையும் செலவிட்டுப் பயனற்றதொரு விடையைக் கண்டடைந்த இன்பத்தை ஆய்வாளர்களே அறிவர்.

பின்னர் ஜூன் வந்தது. தென்மேற்குப் பருவமழையில் திருவனந்தபுரத்தின் வெட்டுக்கல் மண் செம்மையான பசையாகிறது. அவன் மழையிலும் ஓட்டினான். சில விடியல்களில் வேளி கடற்கரையின் ஈரமணலிலும் ஓட்டினான். வீடு திரும்பும் வழியில் வாட்டர் சர்வீஸ் கடையில் இருபது ரூபாய் கொடுத்து அழுத்தக் குழாயால் கழுவிவிட்டான். வண்டி பளபளத்தது. கழுவிய அந்த நீரே தூசிச் சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே சென்றது.

போர்க்கின் கையேடு ஒரே வரியில் சொன்னது: ஒவ்வொரு 50 மணி நேர ஓட்டத்துக்கும் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றுக. வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்றால் மூன்று மாதத்தில் அது வந்துவிடும். அவன் அந்த வரியைப் படித்திருந்தான். கார் வாங்கியவர் இருக்கை வார் பற்றிய பக்கத்தைப் படிப்பதுபோல. வடசேரிக்குக் கொண்டுவந்த நாளில் ஓட்டம் ஏறத்தாழ 140 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

தந்தை முதலில் கையில் எடுத்தது சுத்தியல். மகன் தடுத்தான். முதல் வேலை காற்றை முழுதும் வெளியேற்றுவது. அதை மறந்து அடிப்போல்ட்டைக் கழற்றியவர்கள் முகத்தில் அடிபட்டிருக்கிறார்கள். பிறகு அடிப்போல்ட்டுகளை நான்கு சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினார்கள். அடியில் வைத்த கிண்ணத்தில் ஒவ்வொரு காலிலிருந்தும் தெளிந்த எண்ணெய் பத்து மில்லியாவது வடிந்திருக்க வேண்டும். வடிந்தது ஒரு தேக்கரண்டி அளவு, பால் கலந்த கட்டன்சாயா நிறத்தில். சீல்களுக்கு அடியில் எண்ணெயில் ஊறியிருக்க வேண்டிய பஞ்சு வளையங்கள் விரலில் பொடியாக ஒட்டின.

கீழ்க்கால்களை உருவியதும் தந்தை இடக்குழலை வெளிச்சத்தில் பிடித்தார். பின்புறத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து, ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளி தெரிந்தது. அதன்மேல் பெருவிரல் நகத்தை ஓட்டினார்.

“நகம் தட்டுது மக்கா.”

மகன் பேசவில்லை. நகம் தட்டினால் அந்தக் குழல் முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். குழல்களும் மேற்பாலமும் ஒரே துண்டாகத்தான் விற்பனைக்கு வரும். விலை அந்த வண்டிக்கு அவன் கொடுத்ததில் பாதிக்குமேல்.

“இது ஒரு சத்தமும் போடல்லியே?” என்றார் தந்தை. சிறிது நேரம் கழித்து மீண்டும் அதையே கேட்டார்.

முப்பது ஆண்டுகள் அவர் செய்த தொழில் செவியால் செய்யப்பட்டது. பால்ஸ் உடைந்தால் நொறநொறக்கும். கோன் தளர்ந்தால் கடகடக்கும். செயின் காய்ந்தால் கீச்சிடும். வாடகை வண்டி தெருமுனை திரும்பும்போதே எதற்கு ஓவராயில் வேண்டுமென்று அவருக்குத் தெரிந்துவிடும். இந்தப் பொருளோ தேயத் தேய அமைதியாகவே இருந்தது. உள்ளே மண்ணும் உப்பும் குழலை அரைத்துக்கொண்டிருந்த மாதங்களில், வெளியே அது மென்மையாக ஓடுவதுபோலவே தோன்றியது.

மகன் அவருக்கு ரீபேக் ஓட்டத்தின் கதையைச் சொன்னான். கலிபோர்னியாவின் மரின் மலைப்பகுதியில், 1976 அக்டோபரில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பின்ஹப் பிரேக்குகள் அவை. கீழே வந்து சேரும்போது ஹப்பில் இருந்த கிரீஸ் புகையாகிப் போயிருக்கும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்த மறு அடைப்பே பந்தயத்தின் பெயராயிற்று. தந்தைக்கு இது பிடித்துவிட்டது. “அப்ப அவனுவளுக்கும் பொக தெரிஞ்சிருக்கு” என்றார்.

வேலை மாலைவரை நீண்டது. உட்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தார்கள். பழைய சீலைத் திருப்புளியால் நெம்பும்போது மக்னீசிய உலோக விளிம்பில் கீறல் விழாமலிருக்கத் தந்தை அடியில் ரப்பர்த் துண்டு கொடுத்தார். புதிய சீலைக் கோணாமல் இறக்கப் பொருத்தமான அளவில் ஒரு பழைய கப்பைத் தேடி எடுத்ததும் அவரே. அதற்கென்று விற்கும் கருவி எதுவும் அவனிடம் இல்லை. கடை கிரீஸைத் தடவப் போனவரிடம், அது சீலைப் பிடித்து இழுக்கும் என்று சொல்லி மகன் வேறொன்றைக் கொடுத்தான். அடிப்போல்ட்டைக் கையால் இறுக்கப் போனார். 7 நியூட்டன் மீட்டருக்குமேல் போனால் மறை போய்விடும் என்றதும், டார்க் ஸ்பானர் ‘கிளிக்’ என்ற இடத்தில் நிறுத்தினார். அந்த ஓசை அவருக்கு உடன்பாடாக இருந்தது.

தேய்ந்த இடத்தின் முனைகளை 2000 எண் நீர்த்தாளால் மெல்லத் தடவி, நகம் தட்டாத அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பூச்சு திரும்பி வராது. அவ்விடத்தில் எண்ணெய் சற்றுக் கசியும். சீல் விரைவில் தேயும். ஒருநாள் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

கடையைப் பூட்டுமுன் தந்தை மேசை இழுப்பறையிலிருந்து நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தார். வாடகை நோட்டு: வண்டி எண், பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம். ஒரு காலத்தில் கடையில் இருந்தவை 24 வண்டிகள். மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியவை. எழுதாத பக்கம் ஒன்றில் 25 என்று தலைப்பிட்டார். ஓட்டிய நேரத்தை வாரந்தோறும் போனில் சொன்னால் தாம் எழுதிவைப்பதாகவும், மழைக்காலத்தில் 25 மணி நேரத்துக்கே கழற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பாதிக் கணக்கு கையேட்டில் இல்லை, அவருடையது.

அக்டோபரில் துலாவர்ஷம் தொடங்கிய முதல் ஞாயிறு இரவு, அந்தப் பக்கத்தில் கடைசியாக விழுந்த வரி: எடுத்தது 5.40, விட்டது 8.10. கூட்டுத்தொகை 22 மணி 30 நிமிடம். அதன் அடியில் சிவப்பு மையில், ‘சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லணும்.’