நான்காம் தெருவுக்குப் போகும் வழி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது சார்லட்ஸ்வில். சுமார் 46,000 பேர் வாழும் ஊர். வாஷிங்டனிலிருந்து காரில் கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் 1819-இல் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகமும், குன்றின் மேல் அவர் கட்டிக்கொண்ட மான்டிசெல்லோ மாளிகையும் இங்கேதான். இரண்டும் சேர்ந்து 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. வெகுகாலம் பயணிகள் இந்த இரண்டையும் பார்க்கத்தான் வந்தார்கள். 2017 ஆகஸ்ட் 12-க்குப் பிறகு ஊரின் பெயரே ஒரு நாளின் பெயராகிவிட்டது. 'சார்லட்ஸ்வில்லுக்குப் பிறகு' என்று நாடெங்கும் பேசினார்கள். ஊர்க்காரர்களில் பலருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அந்த நாளை அவர்கள் 'ஏ-12' என்கிறார்கள். முந்தைய மாதங்களையும் சேர்த்துச் சொல்வதென்றால் 'வெறுப்பின் கோடை'.

ஊரின் நடுவே டவுன்டவுன் மால். 1976-இல் திறக்கப்பட்ட, கார்கள் ஓடாத, செங்கல் பாவிய நீண்ட கடைவீதி அது. அதற்கு வடக்கே சில நிமிட நடையில் மார்க்கெட் தெருப் பூங்கா. கதை இங்கேதான் தொடங்குகிறது. அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காகத் தென் மாநிலங்கள் நடத்திய போரின் தளபதி ராபர்ட் லீ, குதிரை மேல் அமர்ந்த வெண்கலச் சிலையாக இந்தப் பூங்காவில் நின்றார். சிலை திறக்கப்பட்டது 1924-இல். அதாவது போர் முடிந்து 59 ஆண்டுகள் கழித்து. கலப்புத் திருமணத்தைத் தடை செய்யும் சட்டத்தை வர்ஜீனியா இயற்றியதும் அதே ஆண்டில்தான். ஆகவே இதை வெறும் போர் நினைவுச் சின்னம் என்று சொல்வது சரியாகாது. ஊர் யாருடையது என்பதைக் கறுப்பின மக்களுக்குத் தினமும் நினைவூட்ட வைத்த சிலை அது.

2016-இல் ஸையானா பிரையன்ட் என்ற பள்ளி மாணவி, அப்போது அவருக்கு வயது 15, சிலையை அகற்றக் கோரி நகர மன்றத்துக்கு மனு கொடுத்தார். 2017 பிப்ரவரியில் மன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அதை ஏற்றது. வெள்ளை இனவெறிக் குழுக்களின் பார்வை அதோடு இந்த ஊர்ப் பக்கம் திரும்பியது. மே மாதம் ஓர் இரவில் தீப்பந்தங்களுடன் ஒரு கூட்டம் சிலையைச் சூழ்ந்து நின்றது. ஜூலை 8-இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு வந்தது. வந்தவர்கள் ஐம்பது பேர். எதிர்த்து நின்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கிளான் ஆட்களைப் பத்திரமாக வெளியே அனுப்பிவைத்த போலீஸ், மிஞ்சி நின்றவர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசியது. அன்று கலங்கிய கண்கள் ஆகஸ்டிலும் போலீஸை நம்பவில்லை.

ஆகஸ்ட் 11 இரவு. பல்கலைக்கழகப் புல்வெளி வழியாகச் சில நூறு ஆண்கள் தீப்பந்தம் ஏந்தி, யூதர்களையும் கறுப்பினத்தவரையும் வசைபாடும் முழக்கங்களோடு நடந்தார்கள். ரொட்டுண்டா என்ற வட்டக் கட்டடத்தின் முன் ஜெஃபர்சன் சிலையைச் சுற்றிக் கைகோத்து நின்ற சிறு மாணவர் கூட்டத்தை வளைத்துத் தாக்கினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வு நாள். பூங்காவிலிருந்து ஒரு தெரு தள்ளி இருக்கும் பெத் இஸ்ரேல் ஆலயத்தில் நாற்பது பேர் வழிபாட்டுக்குக் கூடியிருந்தார்கள். எதிர்ச் சாரியில் துப்பாக்கி ஏந்திய ஆட்கள் நின்றார்கள். ஆலயத்தினர் புனிதச் சுருள்களை முன்கூட்டியே வேறிடத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வழிபாடு முடிந்ததும் பின்வாசல் வழியாக, தனியே போகாமல் கூட்டமாகச் சேர்ந்து வெளியேறினார்கள். சொந்த ஊரில், தாங்கள் வழக்கமாகத் தொழும் இடத்திலிருந்து பின்வாசல் வழியே போக நேர்ந்ததைவிட அந்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல என்ன இருக்கிறது?

சிலையை அகற்றுவதை எதிர்த்து இனவெறிக் குழுக்கள் பேரணிக்குக் கூடிய பூங்காவைச் சுற்றிக் கம்பும் கேடயமுமாக மோதல் மூண்டது. போலீஸ் தடுப்புகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பேரணி சட்டவிரோதமானது என்று அறிவித்துக் கூட்டத்தைக் கலைத்தபின் ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டது. வந்தவர்கள் போகிறார்கள் என்ற மகிழ்ச்சியில் ஊர்மக்கள் பாடிக்கொண்டே நான்காம் தெருவில் ஏறி வந்தார்கள். பிற்பகல் இரண்டு மணியை நெருங்கும் நேரம். ஒஹையோ மாநிலத்திலிருந்து வந்திருந்த இருபது வயது இளைஞன் ஒருவன் தெருவின் மேல்புறத்திலிருந்து காரை அவர்கள் மீது பாய்ச்சினான். பிறகு அதே வேகத்தில் பின்னோக்கி ஓட்டித் தப்பினான். 32 வயது ஹெதர் ஹையர் இறந்தார். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்தப் பக்கம் வாகனங்களைத் தடுக்க அப்போது இருந்தது ஒரே ஒரு மரத் தடுப்பு. நகரம் அமர்த்திய முன்னாள் அரசு வழக்கறிஞர் டிமத்தி ஹேஃபி டிசம்பரில் அளித்த அறிக்கை இதைப் பதிவு செய்கிறது. மக்களின் பாதுகாப்பையும் பேச்சுரிமையையும் காப்பாற்ற அரசு தவறிவிட்டது என்பதே அதன் முடிவு. கார் பாய்ந்த அன்று மாலை, கண்காணிப்பில் இருந்த ஹெலிகாப்டர் விழுந்து அதில் இருந்த மாநிலக் காவலர்கள் இருவரும் இறந்தார்கள்.

அடுத்த சில நாட்களில் இரண்டு குரல்கள் கேட்டன. 'இது எங்கள் ஊர் அல்ல, வந்தவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள்' என்பது ஒன்று. இதில் பாதிதான் உண்மை. கார் ஓட்டியவன் வெளியூர். பேரணிக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டவர் உள்ளூர்வாசி, இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். மே மாதத் தீப்பந்தக் கூட்டத்தின் முன்னணித் தலைவரும் இங்கே பட்டம் வாங்கியவரே. இன்னொரு குரல் கறுப்பினக் குடும்பங்களிலிருந்து வந்தது: இந்த ஊர் எப்போதும் இப்படித்தான் இருந்தது, இப்போதுதான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. வினிகர் ஹில் என்ற தங்கள் குடியிருப்பை, வீடு, கடை, தேவாலயம் எல்லாவற்றோடும், 1960-களில் நகர மேம்பாடு என்ற பெயரில் இடித்துத் தள்ளியதை அவர்கள் மறந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 16 காலையில் மாலில் உள்ள பாரமவுன்ட் அரங்கில் ஹெதருக்கு அஞ்சலிக் கூட்டம். அவருக்குப் பிடித்த ஊதா நிறத்தில் உடுத்தி வந்தார்கள். அன்றிரவு நடந்தது இன்னும் முக்கியமானது. இனவெறியர்கள் தெரிந்துகொண்டு வந்துவிடக் கூடாது என்று சமூக ஊடகங்களில் ஒரு வரிகூடப் போடாமல், வாய்மொழியாகவே சேதி பரவியது. ஆயிரக்கணக்கானோர் மெழுகுவத்தி ஏந்தி, ஐந்து நாட்களுக்கு முன் தீப்பந்தங்கள் போன அதே பாதையில் நடந்தார்கள். காகிதக் கோப்பைக்குள் எரியும் சிறு சுடர்கள், தணிந்த குரலில் பாட்டு. அதே புல், அதே படிக்கட்டு.

எல்லாரும் மெழுகுவத்தியோடு அமைதியாகிவிடவில்லை. ஆகஸ்ட் 21-இல் நகர மன்றம் கூடியதும் மக்கள் குறுக்கிட்டார்கள். சிலர் மேடையிலேயே ஏறிப் பதாகை விரித்தார்கள். உறுப்பினர்கள் இருக்கையை விட்டு எழுந்து போனார்கள். நிகழ்ச்சி நிரலை மூடிவைத்துவிட்டு, அன்றிரவு வெகுநேரம் மக்கள் பேச மன்றம் கேட்டுக்கொண்டிருந்தது. இதை அநாகரிகம் என்றவர்கள் உண்டு. ஆனால் எச்சரித்தும் காப்பாற்றப்படாத ஒரு ஊர் வேறு எந்தத் தொனியில் பேசியிருக்க முடியும்? டிசம்பரில் காவல்துறைத் தலைவர் பதவி விலகினார். 2018 ஜனவரியில் நிக்குயா வாக்கர் மேயரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்மணி.

ஊர்க்காரர்கள் செய்தவற்றில் மிக ஆழமானது ஒரு பயணம். 1898 ஜூலை 12-இல், ஜான் ஹென்றி ஜேம்ஸ் என்ற ஐஸ்கிரீம் விற்பவரை ஒரு கும்பல் ரயிலிலிருந்து இழுத்து இறக்கி, ஊருக்கு மேற்கே ஒரு மரத்தில் தூக்கிலிட்டுச் சுட்டது. விசாரணை கிடையாது, கும்பலில் ஒருவருக்கும் தண்டனை கிடையாது. 2018 ஜூலையில் சார்லட்ஸ்வில்காரர்கள் நூறு பேர் அளவில் அந்த இடத்து மண்ணை அள்ளிக் கண்ணாடி ஜாடியில் எடுத்துக்கொண்டு, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரிக்குப் பேருந்தில் கிளம்பினார்கள். வழி நெடுக, குடிமை உரிமைப் போராட்டம் நடந்த ஊர்களில் இறங்கிப் பார்த்தார்கள். மான்ட்கோமரியில், கும்பல் கொலைக்குப் பலியானவர்களின் பெயர் பொறித்த எண்ணூறுக்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் தொங்குகின்றன, மாவட்டத்துக்கு ஒன்றாக. 120 ஆண்டுகள் கழித்து, அதே ஜூலை 12-இல், மண்ணை அங்கே ஒப்படைத்தார்கள். கறுப்பரும் வெள்ளையருமாக ஒரே பேருந்தில் போய் வந்த அந்தச் சில நாட்கள், 'இது எங்கள் ஊர் அல்ல' என்ற பேச்சுக்கு ஊரே கொடுத்த பதில்.

மற்ற மாற்றங்கள் மெதுவாக வந்தன. லீ சிலையைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடினார்கள். நீதிமன்றம் தார்ப்பாயை எடுக்கச் சொன்னது. 2019-இல் ஜெஃபர்சனின் பிறந்தநாள் விடுமுறையை நகரம் கைவிட்டு, 1865-இல் வடக்குப் படை ஊருக்குள் நுழைந்த மார்ச் 3-ஐ விடுதலை நாளாக்கியது. வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர் ஜெஃபர்சன். ரொட்டுண்டாவுக்கு அருகே, பல்கலைக்கழகத்தைக் கட்டிய அடிமைத் தொழிலாளர்களுக்குக் கருங்கல் வளையமாக ஒரு நினைவிடம் 2020-இல் எழுந்தது. பெயர் தெரியாதவர்களுக்குக் கல்லில் வெறும் கீறல்கள் மட்டும் இருக்கின்றன. மழை பெய்தால் அவற்றில் நீர் நின்று வழிகிறது. கார் ஓட்டியவனுக்கு ஆயுள் தண்டனை. 2021 ஜூலை 10-இல் லீ சிலை கிரேனில் இறங்கியது. ஊரின் ஆப்பிரிக்க அமெரிக்கப் பாரம்பரிய மையம் அதை நகரத்திடமிருந்து பெற்று 2023 அக்டோபரில் உருக்கியது. அந்த வெண்கலத்தில் புதிய கலைப்படைப்பு செய்யத் திட்டம்.

நான்காம் தெருவின் அந்தப் பகுதிக்கு இப்போது ஹெதர் ஹையர் வழி என்று பெயர்ப்பலகை. குறுகலான, சரிவான தெரு. இருபுறச் செங்கல் சுவர்களிலும் சாக்பீஸ் எழுத்துகள், இதயப் படங்கள், அவர் பெயர். மழையில் கரைகின்றன, யாரோ மறுபடி எழுதுகிறார்கள். சுவரோரம் வாடிய பூங்கொத்துகளுக்கு நடுவே புதிதாக ஒன்றிரண்டு ஊதாப் பூக்கள்.

ஹெதரின் அஸ்தி புதைக்கப்பட்ட இடத்தை அவர் தாய் சூசன் ப்ரோ வெளியே சொல்லவில்லை. இனவெறியர்கள் வந்து சேதப்படுத்திவிடுவார்கள் என்ற அச்சம். அதனால் பூ வைக்க வருகிறவர்கள் நான்காம் தெருவுக்குத்தான் வருகிறார்கள்.