சாம்பல் பூத்த இமைகள்

என் சித்தி பெண்ணின் ரிசப்ஷன் ஆல்பத்தில் என்னைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு கண்ணுக்கும் மேலே விபூதி பூசியது போல ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள். அது நான்தான்.

அன்று நான் போட்டிருந்தது மரூன் ஐஷேடோ. சாம்பலாகத் தெரிந்தது அதற்கு அடியில் பூசியிருந்த ப்ரைமர். துபாயில் ஒரு மாலில் இருந்த விற்பனைப் பெண், “இது எல்லா ஸ்கின்னுக்கும் பொருந்தும்” என்று சொல்லிக் கொடுத்த வெளிர் பீஜ் நிற ட்யூப். மூன்று மாதம் சேர்த்த பாக்கெட் மணி அதில் போனது.

எனக்கு அப்போது 17 வயது. படங்களைப் பார்த்ததும் ப்ரைமர் மேல் சந்தேகமே வரவில்லை. ‘நான் கறுப்பு, அதனால்தான் எனக்கு எதுவும் எடுபடவில்லை’ என்றுதான் தோன்றியது. இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கும் அப்படித் தோன்றியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ப்ரைமர் எதற்கு என்று பார்ப்போம். அமீரகத்து ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகள் உங்களுக்குத் தெரியும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி பனிமூட்டம் போட்டுக்கொள்ளும். பார்க்கிங்கிலிருந்து ஹால் வாசலுக்கு நடப்பதற்குள் முகம் பிசுபிசுக்கும். இமையின் தோல் மிகவும் மெல்லியது. அதில் எண்ணெய் கசியும், வியர்வை சேரும், நாம் நிமிடத்துக்குப் பல முறை கண் சிமிட்டுகிறோம். இந்த மூன்றும் சேர்ந்து ஐஷேடோவைத் தள்ளித் தள்ளி மடிப்புக்குள் ஒதுக்கிவிடும். நடுவில் ஒரு கோடு, சுற்றிலும் திட்டுத்திட்டு.

ப்ரைமர் இமைக்கும் ஐஷேடோவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. பெரும்பாலான ப்ரைமர்களில் சிலிக்கோன் இருக்கும். பெட்டியின் பின்னால் ‘டைமெத்திக்கோன்’ போன்ற பெயர்களைப் பார்க்கலாம். கூடவே சீக்கிரம் ஆவியாகிற ஒரு திரவமும் இருக்கும். அது ஆவியானதும் படலம் மட்டும் தங்கும். அதனால்தான் பூசியதும் அரை நிமிடம், ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஈரத்தோடு ஐஷேடோவைத் தேய்த்தால் இரண்டும் குழம்பிக் களிம்பாகிவிடும்.

இனி நிறம். நான் சறுக்கிய இடம் இதுதான். இமையின் கருமையை மறைக்க சில ப்ரைமர்களில் டைட்டானியம் டையாக்சைடு சேர்ப்பார்கள். அது வெள்ளை நிறமி. பழுப்புத் தோலில் வெள்ளை ஏறினால் கிடைப்பது சாம்பல்தான். மாநிறமும் கறுப்புமான நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காய்ந்ததும் நிறமே தெரியாத ப்ரைமர். நார்ஸின் ‘ஸ்மட்ஜ் ப்ரூஃப்’ பேஸ் இந்த வகை. மற்றொன்று, மஞ்சளோ பீச்சோ கலந்த, நம் தோலுக்கு நெருக்கமான நிறம்.

2017-ல் ஃபென்டி பியூட்டி 40 நிற ஃபவுண்டேஷனோடு வந்தபோது உலகமே பேசியது. அதற்கு நான்கு வருடம் முன்னால், 2013-ல், இதே துபாயில்தான் ஹுடா பியூட்டி பொய் இமைமுடிகளோடு தொடங்கியது. கண் மேக்கப்பைக் கொண்டாடுகிற ஊர் இது. இருந்தும் ப்ரைமர் அலமாரிக்குப் போனால் பல பிராண்டுகளில் ஒரே ஒரு பீஜ்தான் இருக்கும். ‘எல்லாருக்கும்’ என்று அவர்கள் சொல்லும் அந்த எல்லாரில் நாம் இருக்கிறோமா என்று பார்க்க வேண்டிய வேலை நம்முடையது.

கடையில் புறங்கையில் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கை வேறு, இமை வேறு. பலர் தொட்ட டெஸ்டரை நேராகக் கண்ணில் வைக்கவும் வேண்டாம். புது ஸ்பாட்டுலா கேட்டு, சாம்பிள் கொடுத்தால் வாங்கி, வீட்டில் சோதியுங்கள். முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் இமைக்கு வரலாம். ஐ க்ரீம் போட்ட இமையில் வேண்டாம், வழுக்கும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஓர் அரிசி மணி அளவு போதும். வாங்கியதை வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் செய்த சோதனையையும் சொல்லிவிடுகிறேன். அம்மா கும்பகோணத்தில் வளர்ந்தவள். நான் சின்ன வயதில் பரதநாட்டிய மேடை ஏறும்போதெல்லாம், “முதல்ல பவுடர ஒத்திக்கோ, அப்புறம் மை வை” என்பாள். எனக்கு அது பட்டிக்காட்டுப் பழக்கமாகத் தெரிந்தது. போன வருடம் ஒரு மாலை, வலது கண்ணில் நிறமில்லாத ப்ரைமர், இடது கண்ணில் அம்மாவின் பவுடர் முறை, இரண்டிலும் அதே மரூன். அப்படியே புஹைரா கார்னிஷில் நடக்கப் போனோம்.

ஒரு மணி நேரம் வரை இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருந்தன. வீடு திரும்பும்போது இடது கண்ணில் கோடு விழுந்திருந்தது. வலது கண் ராத்திரி சாப்பாடு வரை அப்படியே இருந்தது. ஆனால் ப்ரைமர் காய்ந்ததும் மேலே ஒரு சிட்டிகை பவுடர் ஒத்திக்கொண்ட நாட்களில் இன்னும் நன்றாக நின்றது. எண்ணெயை உறிஞ்சுவதற்குத்தான் பவுடர் என்று அம்மாவுக்கு எந்த லேபிளும் சொல்லித் தரவில்லை.

இந்த வருடப் பொங்கல் விழாவுக்குக் கிளம்பும்போது அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“எனக்கெதுக்குடி இதெல்லாம்?”

“கண்ண மூடும்மா.”

மோதிர விரலால் தொட்டுத் தொட்டு வைத்தேன். மூடிய கண்ணோடு அவள் கேட்டாள். “வெள்ளையா தெரியுமா?”

கேட்ட குரலில் பயமில்லை, ஆசைதான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் ஃபேர்னஸ் க்ரீம் பூச வைக்கப்பட்டவள் அவள். அந்தக் கதையை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறாள்.

“இல்லம்மா. உன் கலர்லதான் இருக்கும்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்ணைத் திறந்து கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

“பரவால்லயே,” என்றாள். “அந்தப் பச்சை இருக்கே, அதையும் கொஞ்சம் வையேன். புடவைக்குச் சேரும்.”