கோணல் சொண்டும் தூண்டில் அரமும்

சொண்டு கோணிய கோழிக்குஞ்சை வைத்துப் பார்க்கப் பெரும்பாலும் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. குஞ்சு பொரிப்பு நிலையங்களில் முதல்நாள் தரம் பிரிக்கும்போதே கழித்துவிடுவார்கள். வீடுகளில், தானாகச் சாகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதுவும் அநேகமாகச் செத்துத்தான் போகும். ஆனால் இலங்கையின் நெடுந்தீவில் ஓர் அம்மா அப்படிப்பட்ட குஞ்சுகளை முட்டையிடும் வயதுவரை கொண்டுவந்து சேர்க்கிறார் என்று அங்கே படிப்பிக்கும் நண்பர் சொன்னார். அயலட்டையில் யாருடைய குஞ்சுக்காவது சொண்டு விலகினால் கடகத்தில் வைத்துக்கொண்டு அவரிடம்தான் ஓடுவார்களாம். இதைக் கேட்டபின் போகாமல் இருக்க முடியவில்லை.

குறிகாட்டுவான் இறங்குதுறையில் இருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகு. ஆட்களோடு சீமெந்துப் பைகளும் காய்கறிப் பெட்டிகளும் கோழித்தீன் மூட்டைகளும் வந்தன. நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் மட்டக்குதிரைகளையும் பெருக்கமரத்தையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். சேதி கொண்டுபோகும் புறாக்களுக்குக் கல்லாலே கூடு கட்டிவைத்த தீவு இது. அந்தப் புறாக்கூட்டையும் விட்டு விலகி, முருகைக்கல் அடுக்கிய மதில்களுக்கு நடுவே ஓர் ஒழுங்கையால் நண்பர் கூட்டிப்போனார்.

அம்மாவுக்கு அறுபது கடந்திருக்கும். பிறந்தது நெடுந்தீவு, கலியாணம் செய்துபோனது வேலணைக்கு. கணவர் கடற்றொழிலாளி. 1990 ஆகஸ்டில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்துக்கு ஓடினார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தென்மராட்சி, பிறகு வன்னி. போரின் கடைசி மாதங்களில் கணவரை இழந்தார். முகாமில் இருந்து திரும்பி வந்தபோது நெடுந்தீவில் இருந்தது தாய்வழிச் சீதன வளவு மட்டும். மீளக்குடியமர்ந்தவர்களுக்கு வாழ்வாதார உதவி என்று கொடுத்த கோழிக்குஞ்சுகள்தான் முதல் மூலதனம். கூடு அடைத்தது, ஊசி போட்டது எல்லாவற்றையும் அவர் வரிசையாகச் சொன்னார். அவை எல்லாக் கோழி வளர்ப்பிலும் உள்ளவை என்பதால் விட்டுவிட்டு, கோணல் சொண்டுக்கு வருகிறேன்.

“முதல் கோணல் குஞ்சு செத்துப்போச்சுது தம்பி. ஏன் செத்ததெண்டு தொண்டைப்பையைத் தடவிப் பாத்தன், ஒண்டுமில்லை. முன்னாலை குறுநல் நிறையக் கிடக்குது. சாப்பாட்டுக்கு முன்னாலை நிண்டு பசியிலை செத்திருக்கு.”

அந்தச் சாவில் இருந்துதான் அவருடைய படிப்புத் தொடங்கியது. நல்ல சொண்டு குறடு போல. மேலும் கீழும் நுனியில் பொருந்தினால்தான் ஒரு மணியைக் கவ்வித் தூக்கலாம். கோணல் சொண்டு எத்தனை முறை கொத்தினாலும் மணி நழுவிப்போகும். பார்க்கிறவர்களுக்குக் குஞ்சு ஓயாமல் தின்பதுபோலவே தெரியும். பொரித்த அன்று பெரும்பாலும் சொண்டு நேராகத்தான் இருக்கும். பலவற்றில் இரண்டாம் மூன்றாம் கிழமையில்தான் விலகத் தொடங்கும், வளர வளரக் கூடும். ஆகவே ஆரம்பத்தில் கண்டுபிடிப்பதற்கு இவர் சொண்டைப் பார்ப்பதில்லை. பொழுதுபட எல்லாக் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தொண்டைப்பையைத் தடவுகிறார். பிறகு நெஞ்செலும்பை விரலால் வருடுகிறார். எலும்பு கத்தி விளிம்பாய்த் தட்டுப்பட்டால் அந்தக் குஞ்சு ஏமாந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கவ்வ முடியாத குஞ்சுக்கு அள்ளத் தெரியும். அதற்குத் தீன் ஆழமாக இருக்கவேண்டும். தட்டில் பரப்பினால் பயனில்லை. பாதியாக வெட்டிய சிரட்டைபோன்ற சின்னச் சட்டியில், இரண்டு விரற்கடை உயரத்துக்கு, மாவாய் அரைத்த தீனைத் தண்ணீர் தெளித்துப் பிசறி வைக்கிறார். பிடித்தால் பிடிபடவேண்டும், உதிர்த்தால் உதிரவேண்டும். கஞ்சியாய்க் கரைத்தால் மூக்குத் துவாரம் அடைபடும். சட்டியைக் குஞ்சின் முதுகு மட்டத்துக்குக் கல் வைத்து உயர்த்துகிறார். தண்ணீர்ச் சட்டியும் ஆழமானது. குஞ்சு விழுந்து அமிழாமல் இருக்க உள்ளே கூழாங்கற்கள். நெடுந்தீவு வெயிலில் நனைத்த தீன் மத்தியானத்துக்குள் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, மிச்சத்தை எடுத்து, சட்டியைக் கழுவி மறுபடி வைக்கவேண்டும். இந்தத் தீவில் நல்ல தண்ணீருக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஒரு குஞ்சின் சட்டியை நாலுமுறை கழுவுவது இங்கே சாதாரண காரியமல்ல.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் கோணல் குஞ்சைப் பிரித்து வைக்கிறார். மற்ற நேரம் தாய்க்கோழியோடும் கூடப்பிறந்ததுகளோடும் விடுகிறார். தனியே அடைத்தால் கத்திக் கத்தியே களைத்துவிடும். சொண்டால் இறகு கோத முடியாததால் பேன் ஏறும். அதற்குச் சாம்பல் குளிப்பு, கிழமைக்கு ஒருநாள் செட்டைக்கு அடியில் விரலால் கோதிவிடுதல்.

சொண்டைத் தேய்த்துவிடும் அரத்தை அப்போதுதான் எடுத்துவந்தார். விரல் நீளம், மெல்லிய பல். கணவர் தூண்டில் கூராக்கியது. வேலணையில் இருந்து வன்னிக்கும், வன்னியில் இருந்து முகாமுக்கும், முகாமில் இருந்து இங்கேயும் வந்த பொருட்களில் அதுவும் ஒன்று. சொண்டு எங்கள் நகத்தைப்போல வாழ்நாள் முழுவதும் வளர்வது. நேரான சொண்டு நிலத்தில் உரசியும் ஒன்றோடொன்று தேய்ந்தும் அளவாக நிற்கும். கோணல் சொண்டில் தேய இடமில்லை. மேல்நுனி ஒரு பக்கமாக நீண்டு வளைந்துகொண்டே போகும். கோணல் சொண்டுப் பேடு ஒன்றைத் துணியில் சுற்றி மடியில் வைத்து, சொண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாய் ஓடுவது உயிர்ப்பகுதி, இரத்தமும் நரம்பும் உள்ளது. அதற்கு அப்பால் வெளிறிய நுனியை மட்டும் நாலைந்து இழுவை. வெட்டுவதில்லை, வெட்டினால் பிளக்கும். இரத்தம் கசிந்தால் மாவை அமத்திப் பிடிக்கவேண்டும். கோழி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணைகளில் ஒன்றையொன்று கொத்தாதிருக்கச் சூடேற்றிய இயந்திரக் கத்தியால் குஞ்சுகளின் சொண்டைக் கொய்கிறார்கள். அதே உறுப்பு, அதே உயிர்ப்பகுதி. எனக்கு அந்த மடியையும் அந்த இயந்திரத்தையும் ஒரே தொழில் என்று சொல்ல மனம் வரவில்லை.

தொற்றுமோ என்றுதான் அயலவர்கள் முதலில் கேட்கிறார்களாம். கோழிக்குஞ்சில் வரும் இந்தக் கோணல் தொற்றுவதில்லை. பரம்பரை ஒரு காரணம். அடைகாக்கும்போது சூடு பிசகுவது, தாய்க்கோழியின் தீனில் பயோட்டின், மங்கனீசு போன்றவை குறைவது, குஞ்சில் அடிபடுவது என்று வேறும் உண்டு. சில குஞ்சுகளில் சொண்டு அல்ல, மண்டையோடே ஒரு பக்கம் குட்டையாய் வளர்ந்திருக்கும். அதனால் விரலால் அமத்தி நேராக்கலாம் என்ற யோசனையை இவர் ஏற்பதில்லை. தொற்று என்றதும் எனக்கு நினைவு வந்தது ஒன்று: அலாஸ்காவில் 1990களின் பிற்பகுதியில் இருந்து சிக்கடி என்ற சின்னக் காட்டுப் பறவைகளில் சொண்டு தாறுமாறாய் வளரும் நோய் பரவியது. 2016இல் அதனோடு தொடர்புடைய ஒரு வைரசை விஞ்ஞானிகள் இனங்கண்டார்கள். அது வேறு நோய். அதை நான் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: “அதுகளுக்குச் சட்டி வைக்க ஆர் இருக்கினம்?”

எல்லாம் பிழைப்பதில்லை. அள்ளவும் முடியாத அளவுக்குக் கோணினால், ஊட்டி ஊட்டி இழுத்தடிக்காமல் தானே முடித்துவிடுகிறார். “பசியிலை கிடக்கவிடமாட்டன்” என்றார். போர் முடிந்த முள்ளிவாய்க்கால் பக்கம் இருந்து வந்தவரிடம் இந்த வார்த்தைக்கு மேலே நான் எதையும் கேட்கவில்லை.

இவ்வளவு கை உழைப்புக்கும் கிடைப்பது என்ன? ஊர்க்கோழி முட்டையை வாங்க வியாபாரி படலைக்கு வருகிறார். விலை அவர் சொல்வது. வழியில் வெடித்த முட்டையின் நட்டம் இவருடையது. யாழ்ப்பாணத்தில் அதே முட்டை ‘சுத்தமான ஊர்முட்டை’ என்று கூடிய விலைக்குப் போகிறது. அந்த வித்தியாசத்தில் இந்த முற்றத்துக்கு ஒரு சதமும் வருவதில்லை. தானே கொண்டுபோய் விற்கலாம் என்றால் படகும் பேருந்தும் ஒரு பகலைத் தின்றுவிடும். மூட்டைத் தீன் கடல் கடந்து வரும்போது ஏற்றுகூலியும் இறக்குகூலியும் அதன் தலையில் ஏறும். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து சோள விளைச்சல் விழுந்தது. 2022இல் டொலர் இல்லாமல் சோள இறக்குமதியும் தடைப்பட்டது. தீன் விலை ஏறியது. அந்த ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசு உச்ச விலை வைத்தது. 2023இல் இந்தியாவில் இருந்து முட்டையை இறக்கினார்கள். முட்டைக்குக் கப்பல் பிடிக்க முடிந்த நாட்டில், நாலு தீவுப் பெண்களின் முட்டைகளைச் சேர்த்து யாழ்ப்பாணச் சந்தைக்கு நேரே அனுப்ப ஓர் ஏற்பாடு செய்வது அவ்வளவு பெரிய காரியமா? கையில் தொழில் உள்ளவர் விலை சொல்ல முடியாமல் இருப்பதையும், கையில் கூடை மட்டும் உள்ளவர் விலை சொல்வதையும் நியாயம் என்று யாரும் எனக்கு விளங்கப்படுத்த முடியாது.

மடியில் கிடந்த பேடு முட்டையிடத் தொடங்கிவிட்டது. மற்றவற்றைவிடக் குறைவாகத்தான். அதன் முட்டையில் அம்மா கரியால் ஒரு கோடு போட்டுவிடுகிறார், அடைக்கோழியின் கீழே தப்பித்தவறியும் போய்விடாதிருக்க. கோணல் இறங்கக்கூடும். இந்தப் பேட்டில் உயிராய் இருப்பவர் இதன் வம்சத்தை இத்தோடு நிறுத்துகிறார். வியாபாரிக்கும் அந்த முட்டை இல்லை.

“வாங்கிறவை ஆரும் அடை வைச்சாலும் வைப்பினம் தம்பி. அதாலை விக்கிறேல்லை. பேத்திக்கு அவிச்சுக் குடுக்கிறன்.”