பூட்டு விழுந்த அட்டை

எங்கள் மூவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் மலை என்றே பல ஆண்டுகள் பொருள் இருந்தது. மாங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி, முத்துப்பட்டி என மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைகளுக்கும், அவற்றின் அடிவாரத்துக் கண்மாய்க் கரைகளுக்கும் எங்களை அழைத்துச் சென்றவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவரை ஐயா என்றே அழைத்து வந்தோம். 2005ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய டிஜிட்டல் கேமரா ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் மறைந்து ஓராண்டு கழிந்தபின் அவருடைய மகள் அந்தக் கேமராவை எங்களிடம் கொண்டுவந்தார்.

"அண்ணே, தாத்தா கேமராவுலதான் படம் எடுப்பேன்னு பையன் அடம் பிடிக்கிறான். கார்டு பூட்டியிருக்குன்னு காட்டுது. பூட்ட மட்டும் எடுத்துக் குடுங்க. அப்பா எடுத்த படமெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

புதிய அட்டை ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமே என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் 2006இல் எஸ்டிஹெச்சி முறை வருவதற்கு முந்தைய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேற்பட்ட அட்டைகளை ஏற்பதில்லை. கடைகளில் இன்று எளிதாகக் கிடைப்பவையோ 32 ஜிபியும் 64 ஜிபியும். ஆகவே பூட்டைத் திறப்பது ஒன்றே வழி என்று துணிந்தோம்.

எஸ்டி அட்டையின் இடது விளிம்பில் ஒரு சிறு பிளாஸ்டிக் தள்ளி இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைக் கீழே தள்ளினால் பூட்டு, மேலே தள்ளினால் திறப்பு. இதில் வியப்பு என்னவென்றால், அத்தள்ளிக்கும் அட்டைக்குள் இருக்கும் மின்சுற்றுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. தான் பூட்டப்பட்டிருப்பது அட்டைக்கே தெரியாது. கேமராவோ கணினியோ அத்தள்ளி எங்கே நிற்கிறது என்று தொட்டுப் பார்த்து, எழுதலாமா கூடாதா என்று தானே முடிவு செய்துகொள்கிறது. ஐயாவின் அட்டையில் அத்தள்ளி உடைந்து எங்கோ விழுந்துவிட்டிருந்தது. வெறும் பள்ளத்தைக் கண்ட கேமரா, அட்டை பூட்டப்பட்டிருப்பதாகவே கருதியது.

இதற்கான மருந்து எங்கள் தலைமுறைக்குப் புதிதன்று. ஒலிநாடாப் பேழையின் முதுகில் இருக்கும் சிறு பற்களை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபடி பதிவு செய்ய முடியாது. மனம் மாறினால் அந்தக் குழியின்மேல் செல்லோ டேப் ஒட்டினால் போதும். எத்தனையோ பாடல்களின்மேல் வேறு பாடல்களை அப்படித்தான் பதிந்தோம். அட்டையின் பள்ளத்தின்மேலும் மெல்லிய துண்டு டேப்பை, செம்பு நிறத் தொடுமுனைகளின்மேல் படாதவாறு ஒட்டினோம். பூட்டுச் செய்தி மறைந்தது. ஆனால் படம் எடுத்தால் பதியவில்லை.

அடுத்து மடிக்கணினியில் செருகிப் பார்த்தோம். முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வரிசையாகத் தெரிந்தன. விண்டோஸில் உள்ள டிஸ்க்பார்ட் வழியாக, 'படிக்க மட்டும்' என்ற குறியை நீக்கும் ஆணையைக் கொடுத்தோம். நீக்கியாயிற்று என்று பதில் வந்தது; எழுத மட்டும் முடியவில்லை. மாலையில் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சிறு கடைக்குச் சென்றோம்.

"ஃபார்மட் போட்டாச் சரியாயிரும் சார். காப்பி எடுத்துட்டீங்கள்ல?" என்றார் கடைப்பையன்.

எங்களில் ஒருவர் தலையசைத்தார். பையன் பொத்தானை அழுத்தினார். கோப்புறை காலியாகத் தெரிந்தது.

வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றபோதுதான், படியெடுத்தது யார் என்ற கேள்வி எழுந்தது. மடிக்கணினிக்கு உரியவர் எடுத்திருப்பார் என்று தலையசைத்தவர் நம்பியிருந்தார். மடிக்கணினிக்கு உரியவரோ, ஆணைகளைத் தட்டிக்கொண்டிருந்தவர் அதையும் செய்திருப்பார் என்று எண்ணியிருந்தார். மூவரில் ஒருவரும் எடுக்கவில்லை. கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத் தவிர வேறெந்த நினைவும் அப்போது எங்களுக்கு இல்லை.

அன்றிரவு, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்றை நிறுவிவிட்டு அட்டையை மீண்டும் செருகினோம். மென்பொருளுக்கு வேலையே இருக்கவில்லை. முந்நூற்றுச் சொச்சம் படங்களும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.

நடந்தது என்னவென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். இவ்வட்டைகளில் உள்ள நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட அளவு முறைகள்தாம் அழித்து எழுத முடியும். தேய்ந்த பகுதிகளுக்கு ஈடாக வைத்திருக்கும் உபரிப் பகுதிகளும் தீர்ந்துபோனால், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு சில அட்டைகளில் எழுதுவதையே நிறுத்திவிடுகிறது. அழிக்கச் சொன்னால் அழித்ததாகக் காட்டும். கழற்றிச் செருகினால் பழையது அப்படியே நிற்கும். இந்தப் பூட்டு தள்ளியால் விழுந்ததன்று, மூப்பினால் விழுந்தது. இதை டேப்பும் திறக்காது, ஆணையும் திறக்காது. அந்த மூப்புத்தான் எங்கள் அவசரத்திடமிருந்து ஐயாவின் படங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இம்முறை முதல் வேலையாகப் படியெடுத்தோம். பிறகே பார்க்கத் தொடங்கினோம். பாதிக்கு மேல் கல்வெட்டுகளும் மடைக்கற்களும். அவற்றுள் ஒன்று மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் மடைத் தூணில் இருந்த வட்டெழுத்து. கரைமேல் சாலையை அகலப்படுத்தியபோது அத்தூண் காணாமல் போயிற்று. எங்களுக்குத் தெரிந்தவரை வேறெவரிடமும் அதன் படம் இல்லை. எழுத்தின் குழிவு தெரியவேண்டும் என்பதற்காகச் சாய்வெயில் நேரத்தில் எடுத்திருக்கிறார். படத்தின் கீழோரத்தில் அவருடைய நிழல் விழுந்திருக்கிறது. தோளில் துண்டும் கையில் குடையுமாக.

மாங்குளத்துக் குகையில் நின்று ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. அங்குள்ள எழுத்துகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் எடுத்துரைத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல்லில் எழுத்து இருந்தும், அதைத் தாளில் ஒற்றியெடுத்து ஒருவர் மேசைமேல் வைத்துப் படிக்கும்வரை அது பேசவில்லை என்பார். ஏட்டுச் சுவடியும் அப்படித்தான். பழுதுபட்ட ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் ஒருவர் எழுதிவைத்ததால்தான் நமக்கு நூல்கள் மிஞ்சின. பூட்டிய பெட்டிக்குள் அவை செல்லுக்கு இரையாயின.

அட்டையும் பெட்டிதான். எழுத்துத் தடை புதிதாக எழுதுவதைத்தான் தடுக்கும், மறதியைத் தடுக்காது. மின்சாரமே படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் நினைவகத்தில் தேங்கிய மின்னேற்றம் மெல்லக் கசிந்துபோகும். ஒருநாள் படிக்கவும் முடியாமற் போகலாம். ஆகவே நண்பர்களுக்கு எங்கள் விண்ணப்பம் இதுவே: பூட்டிய அட்டை கையில் கிடைத்தால் பூட்டைப் பற்றிக் கவலைப்படுமுன் உள்ளிருப்பதைப் படியெடுங்கள். ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள். எடுத்தாயிற்று என்று ஒருவர் தலையசைத்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

படங்களை மூன்று இடங்களில் சேமித்து, ஒரு படியை மகளிடம் கொடுத்தோம். பழைய பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் 2 ஜிபி அட்டை கிடைத்தது. ஐயாவின் அட்டையைத் திருப்பித் தந்து, இனி இதில் எழுத முடியாதம்மா என்றோம். நாங்கள் செய்த பிழையையும் மறைக்காமல் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்பாவும் அப்படித்தாண்ணே, வேண்டாம்னு முடிவெடுத்துட்டா யார் சொன்னாலும் கேட்கமாட்டாரு" என்று சொல்லி அட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

புது அட்டையில் பையன் எடுத்த முதல் படம் எங்கள் மூவருடையது. ஒருவருக்குத் தலை இல்லை.