வெறும் அடி

டெக்னோ இசையைப் பற்றி நம்மவர்களிடம் பேச்செடுத்தால், "அதில் என்ன இருக்கிறது, வெறும் அடிதானே" என்பார்கள். பாட்டு இல்லை, வரி இல்லை, முணுமுணுக்க ஒரு மெட்டுக்கூட இல்லை. பிறகு எப்படி மனதில் நிற்கும்? ஆனால் நிற்கிறதே. கனடாவின் வின்ட்சர் பக்கம் வளர்ந்த ரிச்சி ஹாட்டின், பிளாஸ்டிக்மேன் என்ற பெயரில் 1993இல் வெளியிட்ட 'ஸ்பாஸ்டிக்' ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். ரோலண்ட் 808 என்ற தாள இயந்திரத்தின் சத்தங்களைத் தவிர அதில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. ஸ்நேர் உருட்டல் நெருங்கி வரும், விலகிப் போகும், திரும்ப வரும். அவ்வளவுதான். முப்பது வருடம் கழிந்தும் டிஜேக்கள் அதை எடுத்துப் போடுகிறார்கள், கேட்பவர்கள் முதல் சில விநாடிகளிலேயே இன்னதென்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கண்டியிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வாழ்கிறவர்களுக்கு இது புதிராக இருக்கக்கூடாது என்பது என் எண்ணம். தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரவளையம், அதில் ஒட்டிய தோல், ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மறுகையில் கட்டையான அடிகுச்சி. கிடைப்பதோ இரண்டு மூன்று வகைச் சத்தம். அந்தச் சிறு முதலை வைத்துக்கொண்டு கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் தலைமுறை தலைமுறையாக எத்தனை செய்தி சொல்லப்பட்டிருக்கிறது! விடியலில் வேலைப் பெரட்டுக்கு அழைக்கும் அடி ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, மாசியில் காமன் கூத்துக்கு வேறொன்று. லயத்துக்குள் அடுப்படியில் இருப்பவருக்குச் செய்தி வாய்வழி வருமுன்பே இது என்ன காரியம் என்று தெரிந்துவிடும். (குடியிருப்புக்கும் தாள ஒழுங்குக்கும் மலையகத்தில் ஒரே சொல் வாய்த்தது தற்செயல்தான், ஆனாலும் நல்ல தற்செயல்.) இந்த அடிகளைப் பிரித்துக் காட்டுவது மெட்டு அல்ல. எந்த இடத்தில் அடி விழாமல் போகிறது, எந்த இடத்தில் மெல்லிய குச்சி முந்திக்கொள்கிறது என்பதுதான். நான் சொல்ல வருவது இதைத்தான்: தாள இசையில் மனதில் பதிவது அடி அல்ல, ஒரே மாதிரி வந்துகொண்டிருந்ததில் நேர்ந்த ஒரு சிறு விலகல். அந்த விலகல் உறைக்க வேண்டுமானால் அதற்குமுன் நெடுநேரம் ஒன்றும் மாறாமல் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து வரப்போவது என்ன என்று காதுக்குத் தெரிந்துவிட்டால் அது சோம்பிவிடும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. பெரிய விஷயத்தைத் துரத்தும் வேலை தீர்ந்ததும் காது சின்ன விஷயங்களின் பக்கம் திரும்புகிறது. அமெரிக்க இசை உளவியலாளர் எலிசபெத் மார்குலிஸ் ஒரு சோதனை செய்தார். திரும்பத் திரும்ப வருவதையே தவிர்த்து எழுதிய பெரியோ, கார்ட்டர் ஆகிய நவீன இசையமைப்பாளர்களின் படைப்புகளை எடுத்து, சில துண்டுகளை வெட்டி மறுபடி ஒட்டினார். கேட்டவர்களுக்கு ஒட்டுப்போட்டதுதான் கூடுதலாகப் பிடித்திருந்தது. அதைவிட விசேஷம், அதைத்தான் கணினி அல்லாமல் மனிதர் இயற்றியிருக்கக்கூடியது என்றும் அவர்கள் எண்ணினார்கள். டெக்னோ பிறந்த டெட்ராய்டிலிருந்து 1987இல் வந்த டெரிக் மேயின் 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' இன்னொரு சாட்சி. நடன இசைக்கு முதுகெலும்பு என்று கருதப்படும் பேஸ் வரிசை அதில் கிடையாது. இருக்க வேண்டியது இல்லாததால் பியானோவும் தந்தி ஒலிகளும் அந்தரத்தில் தொங்குகின்றன. அது இல்லை என்பதை மூளை கவனிக்காவிட்டாலும் உடம்பு கவனிக்கிறது.

இயந்திரம் வாசிப்பதற்குக் கை ஏது, உயிர் ஏது என்பது பழைய ஆட்சேபம். கையின் நடுக்கம் இயந்திரத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் எதை எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது மனிதர்தான். 1982இல் மும்பையின் சரண்ஜித் சிங் அதே 808ஐயும், 303 என்ற பேஸ் இயந்திரத்தையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஓடவிட்டு ஓர் இசைத்தட்டு போட்டார். அப்போது அது விலைபோகவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையை இவர் முந்திவிட்டாரே என்று மேற்கில் வியந்தார்கள். இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கனமானது: நினைவில் நிற்பது இசையல்ல, இரவும் கூட்டமும் வெளிச்சமும்தான் என்பது. எசல பெரஹெராவைப் பார்ப்பவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். தலதா வீதி நடைபாதையில் உட்கார்ந்திருப்பவரின் முன்னால் ஒரு மேளக் குழு நெருங்கி வந்து கடந்து போகும். அது தேயுமுன்னே அடுத்த குழுவின் அடி எழும்பும். சில விநாடிகள் இரண்டு தாளங்களும் ஒன்றோடொன்று இடிபடும். டிஜே ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது வேகத்தைப் பொருத்திக்கொள்வார். பெரஹெராவில் யாரும் பொருத்துவதில்லை. கூட்டமும் தீவட்டியும் எல்லாக் குழுவுக்கும் பொதுதான். இருந்தும் வீடு திரும்பும்போது எல்லாக் குழுக்களும் சமமாக நினைவில் இருப்பதில்லை. கெட பெர என்ற மேளத்தின் தத், ஜித், தொம், நம் என்ற நான்கு அடிப்படைச் சொற்கட்டுகளை ஏதோ ஒரு குழு ஓரிடத்தில் மாற்றிக் கோத்திருக்கும்; அதுதான் கூட வரும். சூழல் கதவைத் திறக்கிறது, உண்மைதான். உள்ளே வருவது எது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

சாமி காரியத்தையும் சாவு வீட்டையும் இரவு விடுதியோடு ஒப்பிடலாமா என்று கோபப்படுவோரும் உண்டு. பயன் வேறு, மரியாதை வேறு என்பதை மறுக்கவில்லை. அதே சமயம் 'வெறும் அடி' என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். தப்படித்தவரையும் பெர வாசித்தவரையும் சாதி சொல்லி ஒதுக்கிய சமூகங்கள் நம்முடையவை, தமிழிலும் சிங்களத்திலும். அவர்கள் செய்ததை இசை என்று ஒப்புக்கொள்ளாமலிருக்க 'சத்தம்' என்ற பெயர் வசதியாக இருந்தது. டெக்னோவை உருவாக்கிய டெட்ராய்டின் கறுப்பின இளைஞர்களும் அந்தப் பெயரைக் கேட்டவர்களே. பெரட்டுத் தப்பைக் கேட்டு வளர்ந்த எல்லோருக்கும் அது இனிய நினைவு என்றும் சொல்லிவிட முடியாது. அது வேலைக்கு விரட்டிய அடி. மனதில் பதிவதற்குப் பிடித்திருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

ஹேவாஹெட்டைப் பக்கம் மாலையில் மூட்டம் இறங்கினால் தப்பின் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும், குரல் அமுங்கும். அடியை நிறுத்திவிட்டுச் சருகைக் கூட்டித் தீ மூட்டி, தோலை அதன்மேல் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், போதாதென்றால் மறுபடி காட்டுவார்கள். சுற்றி நிற்பவர்கள் பேசுவது குறையும். டெக்னோவில் பேஸ் ட்ரம்மைப் பிடுங்கிவிட்டு முப்பது விநாடி காக்கவைப்பது இதே வேலைதான், அங்கே நெருப்பு இல்லை. காய்ந்த தோலில் கட்டைக் குச்சி முதலில் விழும் அந்த ஓர் அடிக்காக எல்லாக் காலும் ஏற்கெனவே தயாராக நிற்கும்.