அடுப்புக்குப் பின்னால் ஒரு வயர்

முடிச்சூரில் இருக்கும் அந்த வீட்டில் கிச்சன் சிம்னி மாட்டி இரண்டு வருஷம் ஆகிறது. மருமகள் ஆசைப்பட்டு வாங்கியது. பக்கத்தில் பிளக் பாயின்ட் இல்லை. "சுவரை உடைச்சா டைல்ஸ் போயிடும்" என்றார் மாட்ட வந்தவர். மிக்ஸி பாயின்ட்டில் இருந்து ஒரு வயரை இழுத்து, அடுப்புக்குப் பின்னால் ஒட்டி, மேலே கொண்டுபோய்விட்டார். வேலை சுலபமாக முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் ஈரத்துணியால் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்த வயர், பொரித்த வடகம் மாதிரி வெடித்திருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"டேய், முதல்ல மெயினை ஆஃப் பண்ணு!"

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்க்காரர். சந்தேகம் வந்தால் முதலில் மெயின் என்பது அப்போது படித்த பாடம்.

சாயந்திரம் வந்த எலெக்ட்ரீசியன் தலையில் அடித்துக்கொண்டார். "சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி சூடு வரைக்கும்தாம்மா தாங்கும். தினமும் ரெண்டு வேளை அடுப்பு எரிஞ்சா உறை இறுகி வெடிக்காம என்ன பண்ணும்?"

"அதான் எம்சிபி இருக்கே அண்ணா?" என்றாள் மருமகள்.

"அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். ஆள் மேல கரன்ட் பாய்ஞ்சா அதுக்குத் தெரியாது. அதுக்கு ஆர்சிசிபி வேணும். 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கட் பண்ணிடும்."

மூன்று டைல்ஸ் போனது. சிம்னிக்கு எர்த்தோடு தனி லைன், பைப்புக்குள் போட்டு, அடுப்பை விட்டுத் தள்ளி, உச்சியில் இருந்து நேர்க்கோட்டில் இறங்கியது. பிளக் பாயின்ட், சிம்னிக்குப் பக்கவாட்டில் உயரத்தில். மேடைக்குக் கீழே சிலிண்டர் பக்கம் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் அவர் எடுக்கச் சொன்னார். சமையல் கேஸ் காற்றைவிட கனம். கசிந்தால் கீழேதான் தங்கும். அங்கே சுவிட்ச் போட்டால் ஒரு பொறி போதும்.

பூசுவதற்கு முன் மகன் அந்தச் சுவரை போனில் படம் எடுத்தான்.

"எதுக்குடா?"

"பூசிட்டா பைப் எங்க போகுதுன்னு தெரியாதும்மா. நாளைக்கு யாராவது ஆணி அடிச்சா?"

"அப்போ குடும்ப குரூப்ல போடு. உன் போன் தொலைஞ்சாலும் தொலையும்."