ஞாயிற்றுக்கிழமை நாவலூர்

சென்னைக்குத் தெற்கே, சோழிங்கநல்லூர் தாண்டியதும் வருவது எங்கள் நாவலூர். பழைய மகாபலிபுரம் சாலைக்கு 2008-ல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வாயில் இன்னும் 'ஓ.எம்.ஆர்.'தான்! ரோட்டின் மேல் வானத்தை முட்டும் கம்ப்யூட்டர் கம்பெனிகள். உள்ளே திரும்பினால் ஏரியும் காற்றும்.

இந்தச் சாலையில் கேளம்பாக்கம் வரைக்கும் கல்லூரிகள்தான். அதில் ஒன்றில்தான் என் அக்கா மகள் பி.எஸ்ஸி. நர்ஸிங் சேர்ந்தாள். நாலு வருஷப் படிப்பு. அறந்தாங்கிப் பக்கம் கிராமத்துப் பெண். ஹாஸ்டல் வாசம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே, அதனால் ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

மூன்றாவது ஞாயிறு பெட்டியோடு வந்து நின்றாள். "சித்தி, என்னை ஊருக்கு அனுப்பிடுங்க!"

தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு அனாட்டமி புத்தகம் முழுக்க இங்கிலீஷ். வார்டில் ஒரு பெரியவருக்குப் புண் கட்டுவதைப் பார்த்து மயங்கி விழுந்திருக்கிறாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். எனக்கோ அடி வயிறு கலங்கியது. அக்கா ரெட்டை வடச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பீஸ் அது.

புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ரசம் சாதம் போட்டேன். வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். "காலையில் என்ன சாப்பிட்டுப் போனே?" என்றேன். "ஒண்ணுமில்லே." வெறும் வயிற்றோடு வெகுநேரம் நின்றால் யாருக்குத்தான் தலை சுற்றாது? சாப்பிட்டுப் போகணும், கண்ணை இருட்டினால் வெட்கப்படாமல் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொள்ளணும் என்றேன். "இந்தப் பரீட்சை வரை பார். அப்புறமும் வேண்டாம்னா நானே கொண்டு போய் விடறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த அறையில் திருநெல்வேலி ஸீனியர் பெண் ஒருத்தி. அவளும் முதல் வருஷம் அழுதவளாம். தினம் பத்து வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் எழுதி வைக்கச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பெண்தான். தினம் நாலு தடவை போன் செய்து தானும் அழுத அக்காவிடம், "ராத்திரி ஒரு தடவை பேசு, போதும்" என்றேன். அக்கா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை!

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் 1946-ல் பட்டப் படிப்பே வந்தது. அந்த நாளில் வீட்டை விட்டு வந்த பெண்கள் யாரிடம் போய் அழுதார்களோ!

தாய்மார்களே, பெண்ணை ஹாஸ்டலில் விடும்போது பக்கத்தில் ஒரு வீட்டையும் பார்த்து வையுங்கள். சொந்தம்தான் என்றில்லை, தெரிந்தவர்களானாலும் சரி. வாரம் ஒரு வேளைச் சோறும், குறுக்கே பேசாத காதும் போதும்.

இப்போது அவள் மூன்றாம் வருஷம். போன ஞாயிறு கூடவே ஒரு புதுப் பெண், அழுத முகத்தோடு.

"சித்தி, இவளுக்கும் சேர்த்து ரசம் வையுங்க."